ஐந்து பேருக்கு மட்டும் இடம்

உன் கருமக்கிரியை முடிந்த மறுநாள், கோலா கெத்தில் ஊரிலுள்ள உங்கள் வீட்டில் உன் அம்மா ஒரு பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்தார். "எல்லாம் உங்க யூனி சாமான்மா. எனக்கு என்ன தெரியும், நீயே வெச்சிக்கோ." உள்ளே உன் மாணவர் அட்டை, அறுந்த சார்ஜர், அடியில் உன் பாக்கெட் வைஃபை, அந்தச் சின்ன இணையப் பெட்டி.

இணையத்தில் பாடம் பதியும் நாள் வந்தாலே வளாகத்து வைஃபை படுத்துவிடும், ஞாபகமிருக்கா? நூலகப் படிக்கட்டில் உன் பெட்டியைச் சுற்றி மொய்ப்போம். ஒரு நேரத்தில் ஐந்து கைபேசிக்குத்தான் அதில் இடம். முடித்தவர் உடனே துண்டித்து, தன் பின்னால் காத்திருப்பவருக்கு விட வேண்டும். நீ போட்ட சட்டம். "வேல முடிஞ்சும் வீடியோ பாக்குறவங்கள கடிச்சிடுவேன்லா" என்று கத்துவாய்.

கடைசி வருஷம் அந்தப் புள்ளியியல் பாடம். ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும், அது இல்லாமல் நம் இருவருக்கும் பட்டம் இல்லை. நான் அழுமூஞ்சியாக நிற்பதைப் பார்த்து உன் கைபேசியைத் துண்டித்து, என் பின்னால் போய் நின்றாய். "கேண்டீன்ல உக்காந்து நிதானமா போடு. எனக்கென்ன, அப்புறம் போட்டுக்கறேன்."

பத்து நிமிஷத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, மீ கோரேங் வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தேன். பாவி, துண்டிக்க மறந்துவிட்டேன். கேண்டீன் சுவருக்கு அந்தப் பக்கம் நீ வெயிலில், பெட்டித் திரையில் ஐந்து என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு, நான் இன்னும் போராடுகிறேன் என்று நினைத்திருந்தாய். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் நீ உள்ளே நுழைந்திருப்பாய். என் பதிவு கெட்டுவிடுமே என்று அதையும் செய்யவில்லை.

நான் திரும்பி வந்தபோது வகுப்பு நிறைந்துவிட்டிருந்தது.

"கெடச்சிதாடி?" என்று கேட்டாய்.

"இப்பத்தான்" என்றேன்.

"அப்பாடா" என்று என் தோளைத் தட்டினாய். அதற்கப்புறம்தான் உனக்கு இடமில்லை என்று சொன்னாய், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

நான் பட்டம் வாங்கிய அன்று நீ பஸ் பிடித்து வந்து என் பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். நான் கூலிம் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிய காலத்தில் நீ அந்த ஒரு பாடத்துக்காக இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தாய். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இரண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "என்னாடி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு" என்று நீ சிரித்தாய். என்னால் முடியவில்லை. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது உன் அம்மா வாசல்வரை வந்து என் கன்னத்தைத் தடவினார். "அன்னிக்கி லைன் கெடைக்காம நீ ரொம்பத் தவிச்சியாமே. எம்மவ சொல்லிச் சொல்லி வருத்தப்படுவா. ஒனக்காச்சும் கெடச்சிதேன்னு ஆறுதலும் பட்டுக்குவா."

"ஆமாம்மா" என்றேன். உன்னிடம் சொன்ன பொய்யை உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்துதான் இதை உனக்கு எழுதுகிறேன்.