அவர்கள் உடுத்தித்தான் இருந்தார்கள்

மாமா,

இன்று பீரோவை ஒழித்துப்போட்டுத் துடைத்தேன். அடித்தட்டில் உங்கள் காக்கிச் சட்டை கிடந்தது. எத்தனை சோப்புப் போட்டும் போகாத அந்தக் காவிக் கறை வலது தோளில் அப்படியே இருக்கிறது. முகர்ந்தால் பழைய வெண்ணெயும் புகையும் கலந்த வாசனை.

ஆப்பிரிக்காவில், நமீபியாவில் போர்வெல் போடும் ரிக் வண்டி வேலை முடிந்து நீங்கள் நம் ஊர் இண்டூருக்குத் திரும்பிய அன்று நான் முதலில் கேட்டதே அந்தக் கறையைப் பற்றித்தான். "போர்ல தண்ணி வந்தப்போ அந்த வூட்டம்மா சந்தோசத்துல தோள்ல கை வெச்சாங்க," என்றீர்கள். பிறகு ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினீர்கள். கேட்டுத்தான் எடுத்தேன் என்றீர்கள். ஹிம்பா என்று சொல்லப்படும், மாடு மேய்க்கும் மக்கள். அந்தம்மாவின் குடும்பமே நின்றிருந்தது. பெண்கள் மேலுக்குத் துணி போட்டிருக்கவில்லை. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

"நல்லா பாரு," என்றீர்கள்.

பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். காவிக் கல்லை அரைத்து வெண்ணெயில் குழைத்து உடம்பெல்லாம் பூசுவார்களாம். குளிக்கத் தண்ணீர் கிடைக்காத அந்த மண்ணில், வாசனைச் செடிகளைத் தணலில் போட்டு வரும் புகைதான் குளியல். சின்னப் பெண்ணுக்கு இரண்டு சடை, முகத்தின் முன்னால் விழும். வயதுக்கு வந்தவளுக்கு நிறையச் சடை, ஒவ்வொன்றிலும் காவி. கல்யாணமானவள் தலையில் தோலில் செய்த ஒரு கிரீடம், கணுக்காலில் இரும்பு மணி கோத்த காப்பு. கல்யாணமான ஆண் முடியைத் துணியால் மூடியே வைத்திருப்பான். சாவு விழுந்தால்தான் அவிழ்ப்பான்.

"காலையில இத்தனையும் பண்ணிட்டுத்தான் வெளிய வராங்க. உடுத்தாத ஆளுங்களா இவங்க?"

அந்தப் படத்தை உங்கள் சித்தப்பா மகன் கேட்டான். தம்பிதானே என்று அனுப்பினீர்கள். மறுநாள் பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில், மற்றவர்களையெல்லாம் வெட்டிவிட்டு அந்தம்மாவை மட்டும் போட்டிருந்தான். கீழே அவன் எழுதியிருந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

அதற்கப்புறம் மொரப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவன்தான் ஆரம்பித்தான்.

"ஏண்ணா, அங்கியும் ஒரு குடும்பம் வெச்சிருக்கியாமே?"

"அந்தம்மாவுக்கு எங்கம்மா வயசுடா. உங்கம்மா படத்த இப்பிடி வெட்டிப் போட்டா சிரிப்பியா?"

அதற்கும் சிரித்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டீர்கள். அன்றிலிருந்து ஊரில் உங்கள் பெயர் 'ஆப்பிரிக்கா'. பள்ளிக்கூடத்தில் நம் மகளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நல்லது கெட்டதுக்குப் போவதையே நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

ஏரியூர்ப் பக்கம் போர் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். வண்டியில் ஏற்றும்போதே போய்விட்டீர்கள். காரியத்தன்று பெண்கள் என் பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள். உங்கள் சித்தப்பா மகன் பந்தலில் நாற்காலி போட்டு, மீசைக்கு டை அடித்து, படிய வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தான். ஒரு முடிகூடக் கலையவில்லை. உங்களுக்காக முடியை அவிழ்த்துப் போட்டிருக்கக் கூடியவர்கள் எங்கோ, சேதியே தெரியாமல் இருந்தார்கள்.

போன வாரம் அவன் நம் வீட்டுக்கு வந்தான். பழைய ஃபோன் தொலைந்துவிட்டதாம்.

"அண்ணி, அண்ணனோட அந்தப் படம் இருக்குங்களா? பசங்க கேக்கறாங்க."

"எந்தப் படம்?"

"அதாங்க, அந்த ஆப்பிரிக்காப் பொம்பள."

"பேரச் சொல்லுங்க, தேடிப் பாக்கறேன்."

முழித்தான். "பேரா? அதெல்லாம் யாருக்குங்க தெரியும்?"

"அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கும் தெரியும்," என்று கதவைச் சாத்தினேன்.

ஊரில் அத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள் மாமா. பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். என் வாயில் சரியாக வரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தீர்கள். இந்தக் கடிதத்தில்கூட அதை எழுதப் போவதில்லை, யார் கையிலாவது கிடைத்துவிடும். நம் மகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு அது முதல் தடவையிலேயே சரியாக வந்தது.