சந்தை வாசலில் கட்டிய பேனர்

என் தங்கை மகளுக்கு,

சந்தை வாசலில் நான் கட்டிய பேனரை இறக்காவிட்டால் சூசோக் அறுவடைப் பண்டிகைக்குப் பூசான் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லி நேற்று போனை வைத்துவிட்டாய். இது என்ன பிடிவாதம்? யார் வீட்டுப் பிள்ளை பேராசிரியர் ஆனாலும் இங்கே பேனர் கட்டுவதுதானே வழக்கம்? முடிவு வருவதற்கு முன்பே கட்டிவிட்டேன், சரி. உன் வேலையை நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று யார் கண்டது?

சர்வதேச வணிகம் சொல்லித்தருகிற நீ அமெரிக்க ஆய்வுப் பத்திரிகைகளில் போதுமான கட்டுரை எழுதவில்லையாம். அப்படி முடிவு செய்த பல்கலைக்கழகக் குழுவில் ஒருவராவது வெளிநாட்டுக்காரனிடம் ஒரு கூடை மீன் விற்றிருப்பாரா? நான் ஜப்பானுக்குக் கப்பல் கப்பலாக நெத்திலி அனுப்பியவன். அங்கே ஒரு மந்திரியே என் கருவாட்டைக் கேட்டு வாங்கினார். என்னைக் கூப்பிட்டிருந்தால் அரை மணியில் அவர்களுக்குப் புரிய வைத்திருப்பேன்.

இன்று காலை நானே ஏணி போட்டு இறக்கினேன். பக்கத்துக் கடை ஓக்பூன் சும்மா விடுவாளா?

"என்னண்ணே, பேராசிரியரம்மாவ இறக்கிட்டீங்க?"

"புயல்ல கிழிஞ்சிடுச்சு."

"இலைகூட அசையலையே."

"கீழ நிக்கிறவளுக்கு என்ன தெரியும்? மேல அடிச்சுது."

இப்போது சந்தை முழுக்கப் புயல் பேச்சுதான். நீ வந்தால் அதைத்தான் கேட்பார்கள், வேறெதுவும் கேட்கமாட்டார்கள்.

துணி கிழியவில்லை. உன் பெயர் வெளுக்காதபடி உள்பக்கமாக மடித்துப் பரணில் வைத்திருக்கிறேன். பண்டிகைக்கு வந்து சேர்.

கோபம் இன்னும் தீராத
உன் மாமா