அவ யாரு மாஸ்டர்?

மாஸ்டர்,

உங்கள் புத்தகத்தின் முதல் பதினாறு பக்கம் அச்சாகி நேற்றுக் கண்டியிலிருந்து ரயிலில் வந்தது. அதில் பெரிய பிழை. கட்டைப் பிரித்ததும் மை வாசமும் கடையின் காப்பி வாசமும் கலந்து வர, நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வருவீர்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் கண் மூடி இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அட்டன் பசாரில் என் கடை மாடியில் குடியிருந்தீர்கள். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் இந்தப் புத்தகம். குவாண்டம் கணக்கைத் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழிலேயே படிக்க வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம். ஒரு இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒரு நிலையின் மேல் ஒரு செயல், அதன் மேல் இன்னொரு செயல். இரண்டின் பெருக்கத்தை எப்படி எழுதிக் காட்டுவது?

"முதலாளி, காப்பிக்கொட்டையை அரைச்சிட்டு வறுத்தா என்ன ஆகும்?"

"பாதி கரியும், பாதி பச்சையா நிக்கும். நான் கடையை மூடிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்."

"முறை மாறினா சரக்கே மாறுது! அதுதான் எனக்கு வேணும்."

பொட்டலத் தாளில் எழுதினீர்கள். அரைப்பதற்கு அ, வறுப்பதற்கு வ. கொட்டை வலது ஓரத்தில். கொட்டையை ஒட்டி நிற்பதுதான் முதலில் வேலை செய்யும். அப்படியென்றால் வறுத்து அரைப்பது 'அவ'. அரைத்து வறுப்பது 'வஅ'.

"அவ யாரு மாஸ்டர்? கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்றேன்.

"அவளைக் கட்டிக்கிட்டுத்தானே இத்தனை நாளா அழுறேன்!"

பிறகு ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எண் கட்டம் போட்டீர்கள். இடது கட்டத்தின் கிடைவரியை வலது கட்டத்தின் நெடுவரியோடு பெருக்கிக் கூட்டச் சொன்னீர்கள். கட்டங்களை இடம் மாற்றினேன், விடையும் மாறியது. அஞ்சாம் வகுப்போடு, தோட்டத்தில் விடிகாலை ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய் வேலைக்கு நின்றவன் நான். கடை திறந்த அன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை.

அந்த 'அவ'தான் நேற்று எல்லாப் பக்கத்திலும் 'அவள்' ஆகியிருந்தது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் பேச்சுத் தமிழ் என்று நினைத்து நல்ல மனதோடு திருத்தியிருக்கிறார். முதலில் சிரித்தேன். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இதைப் படிக்கிற பிள்ளை, தனக்குத்தான் மூளையில்லை என்று புத்தகத்தை மூடிவிடுமே! கேட்கவும் நீங்கள் இல்லை. ஒரு பிடி கொட்டையை அரைத்து, அப்புறம் வறுத்து, நாசமாக்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு கண்டிக்கு ரயிலேறினேன்.

அச்சக முதலாளி கேட்டதிலும் நியாயம் இருந்தது. "வறுத்து அரைக்கிறதை 'வஅ'ன்னே போட்டுட்டா என்னங்க? வாசிக்கிற முறையும் அதுதானே?"

"கொட்டை வலப்பக்கம் இருக்குங்க. அதுகிட்ட எது நிக்குதுன்னு பாருங்க. இந்த ஒண்ணை மாத்தினா பின்னால வர்ற கட்டம் அத்தனையும் மாத்தணும். நீங்க சொல்ற 'வஅ' இதுதான்." பொட்டலத்தை அவிழ்த்தேன். முகர்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எந்த வேலையைத் தொட்டாலும் கொட்டையை ஒட்டி நிற்பது எது என்றுதான் இப்போதும் முதலில் பார்க்கிறேன், மாஸ்டர்.

பேசி முடித்தது இதுதான்: 'அவ' உங்கள் 'அவ'வாகவே இருக்கும். மறுபடி எழுத்துக் கோக்கிற கூலியை அச்சக முதலாளி கொடுப்பார், தாள் செலவு என்னுடையது. புத்தகம் ஒன்றரை ரூபாய். தோட்டத்துப் பிள்ளைக்கு முக்கால் ரூபாய்.