இங்கிலாந்தில் இவருக்கு ஒரு ஞாயிறு

14 ஆகஸ்ட் 1968, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். சாக்கோட்டைப் பக்கம் இடி இடித்தது. இங்கே ஒரு சொட்டு இல்லை.

அந்நியச் செலாவணிக்கு ரிசர்வ் வங்கி அனுமதி வந்துவிட்டது. ஆகவே இவர் இங்கிலாந்து போவது உறுதி. மில்லுக்கு வாங்குகிற நூற்பு மெஷின்களைக் கப்பலேற்றும் முன் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஸ்பின்னிங் மாஸ்டர் இவர்தானே. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஓல்டாம் என்ற ஊர். இரண்டு வாரம்.

பதினொரு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சீமையைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பது நான். போவது இவர். நல்ல கூத்து!

சாப்பிடும்போது கேட்டேன், "ஓல்டாம் எங்குட்டு இருக்குன்னாவது தெரியுமா?"

"திங்கக்கிழமை காலையில கம்பெனிக்காரன் கார் அனுப்புவான். அவனுக்குத் தெரியும்ல."

"அதுக்கு முன்னாடி லண்டன்ல எறங்கி ஓல்டாம் போய்ச் சேரணும்ல?"

"ரசம் ஊத்து."

வாங்க: கம்பளி பனியன் 2, சுக்கு, பருப்புப்பொடி, ஊசி நூல். தையல்காரரிடம் கோட்டு பாக்கி.

16 ஆகஸ்ட், வெள்ளி

இதை இவரிடம் விட்டால் லண்டன் ஸ்டேஷனிலேயே இரண்டு வாரம் உட்கார்ந்திருப்பார். பயணத் திட்டம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். "செஞ்சுக்க" என்றார். மறுப்பும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

மில் முதலாளி வீட்டு அலமாரியில் கிடந்த இங்கிலாந்து ரயில் கைடு ஒன்று கைக்கு வந்தது. பழசு. அட்டை இல்லை, நடுவில் கரையான். அட்லஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இட்லிக்கு ஊறப்போட மறந்தேன். அத்தை (இவருடைய அம்மா) முணுமுணுத்தார்.

இதுவரை:
வெள்ளி 30: லண்டன். இரவு தங்கல்.
சனி 31: ரயிலில் மான்செஸ்டர். அங்கிருந்து பஸ்ஸில் ஓல்டாம்.
ஞாயிறு 1: ஒன்றும் இல்லை.
திங்கள் 2 முதல் வேலை. அடுத்த ஞாயிறு மெஷின் சோதனை உண்டாம். அதற்கப்புறம் நேரே விமானம்.

ஆக இங்கிலாந்தில் இவருக்கென்று ஒரே ஒரு நாள். அந்த ஞாயிறு.

19 ஆகஸ்ட், திங்கள்

மூன்றாம் பீரியட், 9-ஆ. பாடம்: லங்காஷயர் பஞ்சாலைகள். வழக்கம்போல: மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது, பென்னைன் மலையில் முட்டுகிறது, மேற்குப் பக்கம் மழை, கிழக்குப் பக்கம் குறைவு. ஈரக் காற்றில் நூல் அறாது, அதனால் பஞ்சாலைகள் மேற்கே.

சாக்கோட்டையிலிருந்து வருகிற குட்டைப் பெண் எழுந்தாள். "டீச்சர், நீங்க பாத்திருக்கீகளா?"

"இல்லை. புத்தகத்துல இருக்கு."

"எங்க ஊர்லயும் ஆவணில மழ பெய்யும்னுதான் பஞ்சாங்கத்துல இருக்கு டீச்சர். எங்க பெய்யுது?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். ஆனால் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. உட்காரச் சொன்னேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சட்டென்று தோன்றியது. அந்த ஞாயிறு! மான்செஸ்டரில் ரயில் ஏறினால் மலையைக் கடந்து ஹடர்ஸ்பீல்டு. ஒரு மணி நேரம்கூட ஆகாது. நடுவில் மூன்று மைல் குகை. குகைக்கு முன்னால் வானத்தைப் பார், குகை தாண்டியதும் பார். இந்தப் பக்கம் மழையா, அந்தப் பக்கம் மழையா? அவ்வளவுதான். கைடில் தேடினேன். போக 10.10, வர 3.25. அழகாக அமைந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். கேட்டார், கேட்டார், கடைசியில்: "மழையப் பாக்கவா சீமைக்குப் போகணும்?"

"மில்லுல காத்துல ஈரம் பத்தலன்னு நாள் முழுக்கத் தண்ணியப் புகையா அடிக்கிறீகள்ல? அந்த ஈரம் சும்மா வர்ற எடம் அது. ஒங்களுக்கே பாக்கணும்னு இல்லையா?"

"ஞாயித்துக்கெழமை தூங்குவேன் கமலா. அஞ்சு நாள் அலைச்சல்."

22 ஆகஸ்ட், வியாழன்

கோட்டு வந்தது. தோள் பிடிக்கிறது. திருப்பிக் கொடுத்தாச்சு.

முதலாளி வீட்டுக்கு வந்திருந்தார். காப்பி. சொன்னார்: "மாஸ்டர், ஞாயித்துக்கெழமை லண்டன்லயே இருந்துருங்க. நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு, அரண்மனை, கோட்டை, மணிக்கூண்டு எல்லாம் சுத்திக் காமிச்சுருவாரு. ராத்திரி ரயில் ஏறுனாப் போதும். சீமைக்குப் போயிட்டு லண்டன் பாக்கலைன்னா சிரிப்பாக."

இவர் தலையாட்டினார். இவர் எதற்கும் தலையாட்டுவார். யாருக்கு என்பதுதான் கேள்வி. முதலாளிக்கு ஆட்டுவார். அம்மாவுக்கு ஆட்டுவார். கோட்டுத் தைக்கிறவருக்குக்கூட ஆட்டினார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். போன வருஷம் கொடைக்கானல் என்றேன். மதுரையில் மெஷின் பொருட்காட்சி பார்த்துவிட்டு மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினோம். அதற்கு முந்தின வருஷம் கன்னியாகுமரி என்றேன். வீட்டுக்கு ஓடு மாற்றினோம். நான் ஒன்றும் கல் மனசுக்காரி இல்லை, எனக்கும் வலிக்கும். நான் சொன்ன ஒரு இடத்துக்கு, எனக்காக, ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து சொன்னால் போதும். அதைப் போய் இவரிடம் எப்படிச் சொல்வது? இங்கே எழுதிவைக்கிறேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

வெயில். பரஸ்தானம் வைத்தாச்சு.

இவர் புறப்படுவது செவ்வாய் சாயங்காலம். வடக்கே மெட்ராஸ். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். அத்தை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லலாம், இரண்டு தோசை குறைந்தது. அதனால் இன்று நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் முன்கூட்டி வடக்கே ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்கு. செவ்வாயன்று இவர் சும்மா கை வீசிக்கொண்டு போய்ப் பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டியது.

வடக்கே மூன்றாவது வீடு பிலோமினா டீச்சருடையது. என் பள்ளிக்கூடம், கணக்கு. ஏழரை மணிக்கு அத்தை முன்னால் செம்பில் தண்ணீரோடு, பின்னால் இவர் பெட்டியோடு. பி. டீச்சர் பூசைக்குக் கிளம்பி நின்றார். "சீக்கிரம் வைங்கம்மா, எனக்கு எட்டு மணிக்குக் கோயில். ஒங்க நேரமும் எங்க நேரமும் இடிக்குது பாருங்க." அத்தை, "ஒங்க மாதாவும் சேத்துக் காப்பாத்தட்டும்" என்றார்.

பெட்டி போவதற்கு முன் என் சீட்டை மேலே, வேட்டிக்கு அடியில் வைத்தேன். ஞாயிறு, 10.10, குகை, மேற்கு, கிழக்கு, 3.25. எல்லாம் அச்சு மாதிரி எழுதி.

26 ஆகஸ்ட், திங்கள்

குடை என்று சீட்டில் எழுதவில்லை! மழை பார்க்கப் போகிறவருக்குக் குடை சொல்லவில்லை. பெட்டியைக் கொஞ்சம் கொண்டுவரலாமா என்று அத்தையிடம் கேட்டது தப்பு.

"ஏத்தா, வச்ச பரஸ்தானத்தத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டாருவியா? போற மகன் போனதாவே இருக்கட்டும்."

சாயங்காலம் கணக்கு நோட்டு வாங்குகிற சாக்கில் பி. டீச்சர் வீட்டுக்குப் போய் அங்கேயே பெட்டியைத் திறந்தேன். பி. டீச்சர் வாசலில் காவல். "யாரும் வந்தா இருமுறேன்."

சீட்டைக் காணோம்.

வேட்டியை உதறினேன். பனியன், பருப்புப்பொடி, மெஷின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. சீட்டு மட்டும் இல்லை. வைக்கும்போது பார்த்திருக்கிறார், எடுத்துத் தூரப் போட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பி. டீச்சர் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார்.

அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுதினேன். இந்தத் தடவை மெஷின் படங்களுக்கு நடுவில் வைத்தேன். அதைத்தான் எப்படியும் பார்ப்பார். கடைசியில் "குடை" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

போய்விட்டார். ஸ்டேஷனில் மில் ஆட்கள் இருபது பேர், மாலை, எலுமிச்சம்பழம். கோட்டு இன்னும் தோள் பிடிக்கிறது. அத்தை ஜன்னல் வழியாக: "மாட்டுக்கறி குடுத்தாய்ங்கன்னா வேணாம்னு சொல்லிரு. கூச்சப்படாத."

இவர் என்னிடம், "கதவச் சரியாப் பூட்டு" என்றார். ஞாயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகு கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

30 ஆகஸ்ட், வெள்ளி

மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு. விமானம் ஏறப்போகிறாராம். இந்நேரம் லண்டன்.

மத்தியானம் டீச்சர்கள் அறையில் பெருமையாக என் திட்டத்தை விரித்தேன். பி. டீச்சர் கேட்டார்: "ஞாயித்துக்கெழமை அங்க ரயில் ஓடுமா கமலா? எங்க பழைய சாமியாரு வெள்ளக்காரரு, அவுக ஊர்ல ஞாயித்துக்கெழமை கடை கண்ணி, வண்டி வாசி எல்லாம் பாதி தூங்கும்பாரு."

"ரயில் எப்படி நிக்கும்? ரயிலுக்கு ஏது லீவு?" என்றேன். நம்மூரில் பொங்கல், தீபாவளிக்கே ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் கைடைப் புரட்டினேன். நான் எழுதிய பக்கத்தின் தலையில், பொடி எழுத்தில்: திங்கள் முதல் சனி வரை. ஞாயிறுக்குத் தனிப் பக்கமாம். அந்தப் பக்கம் கரையான் தின்ற இடத்தில் போய்விட்டது. பதினொரு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள்! தலைப்பைப் படி, தலைப்பைப் படி என்று பிள்ளைகளிடம் கத்துகிறவள்!

கடிதம் போட்டால் ஒரு வாரம். தந்தி? எழுதிப் பார்த்தேன்: "ஞாயிறு ரயில் இல்லை, போக வேண்டாம்." யாருக்குப் போகும்? கம்பெனிக்காரன் கையில். ஊர் சிரிக்கும். தந்தி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அத்தை விழுந்துவிடுவார். கிழித்துப் போட்டேன்.

போகாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். போகாமல் இருந்துவிடுவாரே என்றும் நினைக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

நமக்கு மத்தியானம் 2.40 என்றால் அங்கே காலை 10.10. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தேன். இந்நேரம் லண்டன் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இல்லை, போர்த்திக்கொண்டு தூக்கம். இல்லையென்றால் ரயில் இல்லாத ஸ்டேஷனில் கோட்டும் தானுமாக நின்று, என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். இனிமேல் நான் சொல்கிற எதையும் கேட்க மாட்டார், அது நிச்சயம்.

அத்தை: "என்னத்தா, ரவிக்கையில கையக் கழுத்துப் பக்கம் தைக்கிற?"

பிரித்துத் தைத்தேன்.

5 செப்டம்பர், வியாழன்

கடிதம் இல்லை. தபால்காரர் நாளைக்கு வரும் என்கிறார், தினமும் அதையே சொல்கிறார். பரீட்சைத் தாள் 46 திருத்தினேன். மழை. நல்ல மழை, ஒரு மணி நேரம்.

10 செப்டம்பர், செவ்வாய்

வந்தது! பள்ளிக்கூடம் கிளம்பும்போது. தபால்காரர் நீட்டுவதற்கு முன்பே கையிலிருந்து பிடுங்கினேன். வெற்றிலைப் பெட்டி மேலேயே வைத்துப் படித்தேன். இங்கே எழுதிக்கொள்கிறேன், தாள் மெல்லிசு, கிழிந்துவிடும்.

"சௌ. கமலாவுக்கு. சுகம். நீ எழுதிய 10.10 வண்டி ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மத்தியானம் வரைக்கும் எதுவுமே கிடையாதாம். சட்டைப் பையில் வைத்திருந்த சீட்டையும் பெட்டியில் இருந்த சீட்டையும் எடுத்துப் பார்த்தேன், இரண்டிலும் 10.10தான். ஒரு சீட்டுப் போதாதா? அறைக்குத் திரும்பிவிடலாம் என்று ஓல்டாம் வந்தேன். வழியில் ஹடர்ஸ்பீல்டு என்று போர்டு போட்ட மாடி பஸ் நின்றது. கண்டக்டரிடம் மலை வழியா என்று கேட்டேன். மேலேயே ஏறிப்போகும் என்றான். மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ரயிலில் போயிருந்தால் குகைக்குள் ஒன்றும் தெரிந்திருக்காது.

10.45 ஓல்டாம்: வெயில்.
11.10 ஏற்றம்: வெயில், குளிர்காற்று.
11.25 உச்சி: மேகத்துக்குள். மரமே இல்லை. ஆடுகள்.
11.40 கிழக்கே இறக்கம்: பலத்த மழை.
12.05 ஹடர்ஸ்பீல்டு: மழை. குடை நல்ல யோசனை.
3.50 திரும்பி ஓல்டாம்: ரோடு காய்ந்திருக்கிறது.

உன் புத்தகத்துக்கு நேர்மாறு. ஆனால் ஒரு நாள் ரீடிங்கை வைத்து மில்லில் எதையும் முடிவு பண்ண மாட்டோம். இரண்டாவது தவணை மெஷின் வருகிற வருஷம் தயாராகும், திரும்ப வர வேண்டியிருக்கும். அப்போது நீயும் வா. ஒருவர் வெளியே பார்க்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே வந்ததில் பாதி மலையைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். லண்டன் பார்க்கவில்லை. முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

சட்டைப் பையில் வைத்திருந்தாராம்! தூரப் போட்டார் என்று அன்றைக்கு நான் அழுத அழுகை!

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். நீயும் வா என்ற வரியைத் தவிர எல்லாம். "மழையில நனஞ்சானா? காய்ச்சல் இருக்கான்னு எழுதலயா?" என்றார். அந்த வரியையும் வாசித்தேன். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். பிறகு, "போயிட்டு வாத்தா. நான் என்ன, இங்குட்டுக் கஞ்சி வச்சுக் குடிச்சுக்க மாட்டேனா" என்றார்.

9-ஆ வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மேற்கே வெயில், கிழக்கே மழை என்று போர்டில் எழுதினேன். சாக்கோட்டைக்காரி வாயைப் பிளந்தாள். "அப்ப புத்தகம் தப்பா டீச்சர்?" தெரியவில்லை, இன்னொரு தடவை போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். யார் போவாக என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

செலவு என்ன, லீவு கிடைக்குமா, முதலாளி என்ன சொல்வார், ஒன்றும் தெரியாது. நாளைக்கு மத்தியானம் பி. டீச்சரோடு ஸ்டுடியோவுக்கு. பாஸ்போர்ட்டுக்கு எத்தனை படம் கேட்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆறு எடுத்துவிடுவோம்.