கஞ்சி மீந்தா போவட்டும்

கணவர் பூவராகவன் அயர்ந்து தூங்கினார். எழுப்பி, முகம் பார்த்துச் சொல்ல நீலாவதிக்குத் துணிவில்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த மனிதர், சில மாதங்களாகப் போட்ட சோற்றை அளைந்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. வேறொருத்தி வீட்டில் சாப்பிடுகிறார் என்று நினைத்த நீலாவதி, அனந்தபுரத்து அண்ணனை வரவழைத்துக் கடையிலேயே, ஆட்கள் முன்னால் கேட்க வைத்தாள். அவர் தலைகுனிந்து நின்றார்.

நேற்று விழுப்புரத்து டாக்டர் சொன்னார்: "குடலுக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கும்மா. சாப்பிட்டா ரத்தம் பத்தாம உயிர் போற மாதிரி வலிக்கும். சோத்தைக் கண்டாலே பயந்திருப்பார்."

காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்ல அனந்தபுரம் போறேன். நான் கூட்டியாந்த ஆளு, நான்தான் சொல்லணும். அடுப்பு மேல கஞ்சி இருக்குது. ஒரேயடியா குடிக்காதீங்க, கொஞ்சங் கொஞ்சமா குடிங்க. கடை சாவியை எடுத்துட்டுப் போறேன், எழுந்து போவாதீங்க. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போக துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கடைசி வரியைப் படித்ததும் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஒருநாள் சொன்னாரே, "வயிறு வலிக்குது நீலா" என்று. "அங்க தின்னா மட்டும் வலிக்கலையா?" என்று திருப்பிக் கேட்டவள் அவள்தான்.

அந்த வரியை அடித்துவிட்டு, அடியில் மிச்சமிருந்த இடத்தில் இடுக்கி எழுதினாள்:

"நீங்க சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல. கஞ்சி மீந்தா போவட்டும். ஏன்னு கேக்க மாட்டேன்."