வாய்விட்டுக் கேட்கும் பாடம்

அன்பு ரலிட்சாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், சிகாகோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

எங்கள் பிளோவ்டிவ் கல்லூரியில் எம்.பி.ஏ. பாடத்திட்டத்தை மாற்றுகிறோம். படித்துப் போகிற பிள்ளைகளைப் பற்றி வேலை கொடுப்பவர்கள் குறை சொல்கிறார்கள் என்று அவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்தோம். மிளகாய் விழுதைப் புட்டியில் அடைத்து விற்கும் தொழிற்சாலை முதலாளி ஸ்டாமென், "உங்க பிள்ளைங்க திரையில படம் போட்டு அழகா விளக்குறாங்க மேடம், ஆனா சரக்கு வரலைன்னா அனுப்புறவனுக்கு ஒரு போன் போட்டு எப்ப வரும்னு கேக்க மாட்டேங்கிறாங்க. கேட்டா கௌரவம் குறைஞ்சிடுமாம். மெயில் அனுப்பிட்டு விட்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் உண்மை. அதனால் இனி வாரம் இரண்டு நாள் தொழிற்சாலையில் வேலை, கூடவே ஒரு புதுப் பாடம். முன்பின் தெரியாதவரைப் போனில் கூப்பிட்டுத் தனக்கு வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான்தான் நடத்துகிறேன், பிள்ளைகள் நடுங்குகிறார்கள். போன வாரம் போரில் என்கிற வாயாடி மாணவன், "எங்களை இந்தப் பாடு படுத்துறீங்களே, நீங்க கடைசியா யார்கிட்ட வாய்விட்டு என்ன கேட்டீங்க மேடம்?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் திரும்பிப் பலகையைத் துடைத்தேன்.

போன ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, என்னைப் போல் பூவின் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர் நாள் அல்லவா. பெயர் நாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது, நினைவிருப்பவர்கள் தாங்களே வருவார்கள் என்பதுதானே நம் வழக்கம், நானும் அழைக்கவில்லை. மீன் சுட்டு, பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா செய்து, கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருந்தேன். முன்பு வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளோடு வெளிநாட்டில், மற்றவர்களால் படியேற முடிவதில்லை. கீழ்வீட்டு ஸ்டோயாங்கா மட்டும் வந்து, "உன் பொண்ணு இந்த வருசமும் வரலையாடி?" என்றாள். அவளுக்கு வேலை என்றேன். தனியாகத் தின்றால் மீனுக்கு முள் அதிகம். மிச்சத்தைப் பூனைக்குப் போட்டேன்.

நீ போனதிலிருந்து, வருகிறாயா என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை. மனமிருந்தால் வருவாள், கேட்டு வரவழைப்பதில் என்ன இருக்கிறது என்று வீம்பாக இருந்துவிட்டேன். நீயும், அம்மா கேட்கவில்லையே, அவளுக்குக் கல்லூரி போதும் என்று நினைத்திருப்பாய். போதவில்லை ரலிட்சா. வீடு வெறிச்சென்று இருக்கிறது. அடுத்த பெயர் நாளுக்கு நீ வர வேண்டும், கேட்கிறேன். முடியாது என்றாலும் சொல், தாங்கிக்கொள்வேன். ஆனால் வா.

கடவுள் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும். காலையில் சாப்பிடாமல் ஓடாதே.

வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா தெமெனுகா