சரிபார்த்து வைத்த சம்மதம்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எங்கள் இருவருக்கும் சேர்த்து இருக்கிற நான்கு முழங்கால்களில் மூன்று நலம். நான்காவது உன் அம்மாவுடையது, மாடிப்படியைக் கண்டால் மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி அவள் வாய் உட்பட எல்லாம் சௌக்கியம். உன் நலத்தைக் கேட்கலாம் என்றால், நேற்று நீ தொலைபேசியில் அழுதுகொண்டே சிரித்ததில் அது பாதி தெரிந்துபோனது, மீதியை நீ எழுது.

எங்கள் குறுஞ்செய்திகள் எல்லாம் ஒரே காலையில் மடை திறந்த மாதிரி வந்து விழுந்தது ஏன் என்று கேட்டாய். குற்றத்தில் பாதி உன்னுடையது. விடுமுறைக்கு வந்தவள் கைபேசியை வாங்கிக் கொடுத்து, வந்ததை எப்படிப் படிப்பது, பதிலை எப்படி எழுதுவது என்று சொல்லித் தந்தாய். ஒரு எழுத்துக்கு ஒரே பொத்தானை நாலு தரம் அமுக்கச் சொன்னாய், அமுக்கினேன். அனுப்புகிற பாடத்துக்கு வருவதற்குள் வாசலில் கார் ஹாரன் அடித்துவிட்டது. அது ஒண்ணுமில்லப்பா, ஈஸிதான் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். மீதிப் பாதி நம் மருந்துக் கடையின் குற்றம். அங்கே சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுப்பவன் நான், எடுத்தது சரிதானா என்று பார்த்து உறையில் போட்டு வந்தவர் கையில் கொடுப்பவள் உன் அம்மா. இரண்டு பேர் கண் படாமல் ஒரு இருமல் மருந்துகூட நம் கடையைத் தாண்டியது கிடையாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதி, சேமித்து, கைபேசியை மேசைமேல் வைப்பேன். அவள் படித்து, திருத்தி, மறுபடி சேமித்து அதே இடத்தில் வைப்பாள். சரிபார்த்தவள்தானே கொடுப்பாள் என்று நான் இருந்தேன். உங்க பேர்ல வாங்கின போன், நீங்கதானே அனுப்பணும் என்று அவள் இருந்தாள். குடை எடுத்துக்கொண்டு போ, பல்வலி விட்டதா என்று எல்லாமே ஒரு பிசகும் இல்லாமல் சரிபார்க்கப்பட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தன. ஒரு செய்தியும் வராததால்தான் தொலைபேசியில் நீ, பழகப் பழக வந்துடும்பா என்றாய், அப்போது என் எழுத்தைக் கிண்டல் செய்கிறாய் என்று நான் ரோஷப்பட்டதுதான் மிச்சம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நீ குறுஞ்செய்தியில் அதைக் கேட்டாய். உன்னோடு வேலை செய்பவர், மனைவியை இழந்தவர், சின்னதாக ஒரு பெண் குழந்தை இருக்கிறது, நான் அவரைக் கட்டிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா, பேசத் தைரியம் இல்லப்பா, ஒரு வார்த்தை எழுதுங்க போதும் என்று. அன்றைக்கே எழுதினோம். அதோடு நீ கூப்பிடுவது நின்றுபோனது. வெட்கப்படுறா, விடுங்க, அவளே கூப்பிடுவா என்றாள் உன் அம்மா. நம் வாயாடிக்கு வெட்கமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நேற்றுக் காலை உன் செய்தி வந்தது. உங்க மௌனம் புரியுதுப்பா, அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன் என்று. கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை. அன்னைக்கே சொன்னோமே என்று உன் அம்மா கைபேசியையே அதட்டினாள். பக்கத்துக் கடை போட்டோக்காரரிடம் கொண்டு ஓடினோம். அவர் பார்த்துவிட்டு, எல்லாம் பத்திரமா இருக்கு சார், ஒண்ணுகூட வெளிய போகல என்றார். அவர் காட்டிய பொத்தானை நான் அமுக்கிய அமுக்கில் கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. முதலில் சம்மதம் போனது, கை நிற்காமல் அதன் பின்னாலேயே குடையும் பல்வலியும் போய்விட்டன. உடனே நீ கூப்பிட்டாய், நல்லவேளை, அவரிடம் வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்றாய். உனக்கு வாய் வராமல் போய் நான் சந்தோஷப்பட்டது இந்த ஒரு தடவைதான்.

அழுது முடித்துவிட்டு ஒன்று கேட்டாயே, அந்தச் சம்மதம் நீங்க எழுதினதா, அம்மா திருத்தினதா என்று. பக்கத்தில் அவள் நின்றாள், நான் வேறு எதையோ பேசி மழுப்பினேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். நான் எழுதியது பெரிசு. அவர் கோபக்காரரா, அந்தக் குழந்தை உன்னை என்னவென்று கூப்பிடும், அது உன்னிடம் ஒட்டாமல் போனால் நீ தாங்குவாயா என்று வரிசையாகக் கேள்விதான். கடைசியில் சம்மதம் என்று போட்டிருந்தேன். அவ கேட்டது ஒரு வார்த்தை, நீங்க பரீட்சை வைக்கிறீங்களா என்று உன் அம்மா மற்றதையெல்லாம் அழித்துவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தாள். சொல் என்னுடையதுதான், மகளே. பயம் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, பெற்றவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி. ஆனாலும் அந்தச் சின்னவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருந்து குடிக்க அடம் பிடிப்பாளா என்று கேட்டு எழுது. மூன்று பேர் பிடித்தும் என் சட்டையில் துப்பியவள் நீ, உனக்கு அப்படி ஒருத்தி வாய்க்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது. தாத்தா கடையில் இனிப்பு மருந்தும் உண்டு என்று அவளிடம் சொல்லி வை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், என் கடைக்குக் காலணா வியாபாரம் தராமல், நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். குடை விஷயத்தை மறக்காதே, தாமதமாக வந்த செய்தி என்றாலும் நனைந்தால் ஜலதோஷம் பிடிக்கத்தான் செய்யும். உன் அம்மா மொட்டை மாடியில் துணி எடுக்கிறாள், கவரை ஒட்டாதீங்க, நான் ஒரு தடவை பார்க்கணும் என்று மேலேயிருந்து குரல் வருகிறது. அந்த நான்காவது முழங்காலின் தயவில் அவள் இறங்கி வர நேரமாகும். அதற்குள் நானே ஒட்டி, நானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன். இதை யாரும் சரிபார்க்கவில்லை. எனக்குச் சம்மதம், கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா